விளங்குதா எண்டுதான் கேட்டவை

எங்கள் வேலையில் வாய் மட்டும்தான் சொந்தம், அதில் வருகிற சொல் ஒன்றும் சொந்தமில்லை. இதை எனக்கு முதலில் சொன்னவர் பத்மா அக்கா. என் கடைசி மகள் கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வெளியே அஜக்ஸுக்குப் போன பனிக்காலம் அது. என் கணவர் காலமான பிறகு வந்த இரண்டாவது பனிக்காலமும் அதுதான். வீட்டில் பேச்சுக்கு ஆளில்லாமல் நான் சட்டி பானையோடு கதைக்கத் தொடங்கியிருந்தேன். கோயில் மடைப்பள்ளியில் என்னோடு இருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த பத்மா அக்கா, அகதி வழக்குகள் பார்க்கிற ஒரு லோயரின் கந்தோரில் தான் மொழிபெயர்க்கிற வேலையை விடப்போவதாகவும், தன் இடத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னார். "நான் ஓ.எல். வகுப்பு மட்டும்தான் அக்கா படிச்சனான்" என்றேன். "சோப் பக்ரறியிலை இவ்வளவு காலமும் சூப்பவைசரோடை இங்கிலிசிலைதானே சண்டை பிடிச்சனீர், அது காணும், அதுவே போதும்" என்றார்.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்கள் என்று எனக்குத் தெரியும். மாமியாரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், அவ மூச்சு விடாமல் சொன்ன வருத்தம் எல்லாவற்றையும் "முழங்கால் நோகுதாம்" என்று ஒரு வரியில் முடித்த பாவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே என் பாடு உங்களுக்கு விளங்கும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சம்மதம் கேட்க வேண்டியவர்களிடம் லோயர் மூலமாகக் கேட்டும் விட்டேன்.

இரண்டு பேருக்கு நடந்தது

லோயரின் பெயர் கஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பிறந்த பிள்ளை, என் மகனின் வயது. அவருடைய தமிழ் கடைக்குப் போய்ப் பாணும் பருப்பும் வாங்கக் காணும், வழக்குக்குக் காணாது. முதல் நாள் வந்தவர் ஊரில் தபால் கந்தோரில் இருந்த ஒரு ஐயா. அவர் "என்னைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்று சொல்ல, நான் இங்கிலிசில் "இவரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம்" என்றேன். கஜன் கையைக் காட்டி நிற்பாட்டினார். அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். "போனார்களாம்" என்று "ஆம்" போட்டுக் கதைக்கக் கூடாதாம்.

அன்று முழுக்க என்னைப் பிடித்தார்கள், என் வீட்டை எரித்தார்கள், என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் செத்தாள். எல்லாம் என் வாயால், எனக்கு நடந்தமாதிரி. முடிந்த பிறகு கோப்பிக் கோப்பையை எடுத்துவிட்டுக் குடிக்காமலே திரும்ப வைத்தேன். ஐயா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழும்பினார். எனக்கு ஆறுதல் சொல்லுகிறாரா தனக்குச் சொல்லுகிறாரா தெரியவில்லை. "பிள்ளை, நீங்கள் அதை இங்கிலிசிலை சொல்லேக்கை ரெண்டு பேருக்கு நடந்தமாதிரிக் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் பாரம் குறைஞ்ச மாதிரியும் கிடக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு

கந்தோரில் கேட்ட ஒன்றையும் வெளியே சொல்லக் கூடாது. பெயர் சொல்லாமலும் சொல்லக் கூடாது. ரொறன்ரோவில் எங்கள் சனத்துக்குப் பெயர் தேவையே இல்லை. "ஒரு பொடியன், காலிலே தழும்பு" என்றால் அவன் எந்தத் தெருவில் எந்த பேஸ்மென்றில் இருக்கிறான் என்று பின்னேரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நான் சத்தியம் செய்ததைவிடக் கூடுதலாகவே வாயைப் பூட்டி வைத்திருந்தேன்.

மகன் மிசிசாகாவில். விமான நிலையத்தில் வேலை, மாறி மாறி ஷிப்ற். ஞாயிறு காலையில் போன் எடுப்பான். பனி கொட்டினதா, மருந்து குடித்தீர்களா, ஹீற்றர் வேலை செய்கிறதா. நானும் கொட்டினது, குடித்தேன், செய்கிறது என்பேன். அந்தக் கிழமை முழுக்க என் வாயால் அழுத அவ்வளவு பேரும் தொண்டைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு ஞாயிறு அவனே பொறுக்காமல் கேட்டுவிட்டான்: "அம்மா, உங்கடை வேலையே கதைக்கிற வேலை. என்னோடை மட்டும் ஏன் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை?"

ஐயரின் கடிதம்

அகதிக் கோரிக்கையை மறுத்தால் அப்பீல் பண்ணலாம். ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது, அதுவும் குறுகிய கெடு. ஒரு அண்ணை கெடு முடிந்து கன நாளுக்குப் பிறகு, மொட்டையடித்த தலையோடு வந்து நின்றார். கஜன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏன் அண்ணை உடனை வரேல்லை?" என்று கேட்டார். மறுப்பு வந்த அதே கிழமை ஊரில் தாய் செத்துப்போனாவாம். மூத்த மகன் இவர். செத்த வீட்டுத் துடக்கோடு, அதுதான் தீட்டோடு, ஒருவர் வாசலையும் மிதிக்கக் கூடாது, நல்ல காரியத்துக்குக் கையெழுத்தும் வைக்கக் கூடாது என்று பேஸ்மென்றுக்குள்ளே இருந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்த மறுநாள் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். தான் சரியாக நடந்துகொண்டதாகத்தான் அவர் நினைப்பு.

கஜனுக்குத் துடக்கு என்றால் என்னவென்று நான் விளங்கப்படுத்தினேன். பிந்தினதற்குத் தகுந்த காரணம் காட்டினால் கெடுவை நீட்டித் தரலாம், ஆனால் காரணத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்றார். இறப்புப் பத்திரம் ஊரிலிருந்து வந்தது. துடக்குக்கு? கோயில் ஐயரிடம்தான் போக வேண்டும். வழக்கைப் பற்றி மூச்சும் விடாமல், பொதுவாக ஒரு விளக்கக் கடிதம் தாருங்கள் என்று கேட்கப் போனேன். கெடுவை நீட்டித் தந்தார்கள் என்பதை இப்பவே சொல்லிவிடுகிறேன். நீட்டித் தந்தவர் அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கடிதத்தைக் கேட்ட அன்று, நான் லோயரிடம் வேலை செய்வது தெரிந்த ஐயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "துடக்குக்காரர் சாமியிட்டையே வரக்கூடாது. லோயரிட்டை எப்பிடி அம்மா வாறது? இதுக்கும் ஒரு கடுதாசி வேணுமோ?" என்றார்.

பக்கத்தில் ஒரு ஆள்

நேசன் என்கிற பொடியன் வந்த அன்று மழை. சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, நனைந்த காலுறையோடு உள்ளே வந்தான். கந்தோரில் சப்பாத்துக் கழற்றிய ஒரே ஆள் அவன்தான். அஜின்கோர்ட்டில் வேறு பொடியங்களோடு ஒரு பேஸ்மென்றில் இருந்தான். இரவில் கேக் செய்கிற இடத்தில் வேலை. போரில் செத்துப்போன தமையனுக்காக விளக்குக் கொளுத்திய இடத்தில், சிவில் உடுப்பில் வந்தவர்கள் இவனை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கன நாள் வைத்திருந்தார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று கஜன் கேட்டால் "அடிச்சவங்கள்" என்பான். வேறு? "அடிச்சவங்கள்." இடையில் நிமிர்ந்து என் கையைப் பார்ப்பான். "எங்கடை அம்மாவும் உப்பிடித்தான் அன்ரி, ரெண்டு காப்புப் போடுறவ" என்று சொல்லுவான். அதையும் நான் இங்கிலிசில் சொல்லுவேன். கஜன் எழுத மாட்டார்.

இப்போது விசாரணை எல்லாம் பெரும்பாலும் கந்தோரில் இருந்தபடியே கொம்பியூட்டரில்தான். விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை விசாரிக்கிற சபையே தரும், என்னை மாதிரிக் கந்தோர் ஆட்கள் செய்யக் கூடாது. நேசனின் விசாரணை அன்றைக்கு வந்தவ என்னைவிட வயதான ஒரு தமிழ் அம்மா. திரையில் பொட்டும் கண்ணாடியுமாக, நல்ல அழகான தமிழ். பொடியன் பயப்படுகிறான் என்று கஜன் என்னைப் பக்கத்தில் ஒரு ஆறுதலுக்கு இருத்தினார். அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தவர் கேட்டார், சொன்னோம். "மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்குகிறதா?" என்று கேட்டார். நேசன் "ஓம்" என்றான். பிறகு அந்த இடம் வந்தது. வேறு என்ன செய்தார்கள்? அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். நான் தண்ணீர்க் கிளாசை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். கடைசியில் "அடிச்சவங்கள்" என்றான். எல்லாம் முடிந்து போகும்போது என்னிடம் வந்து கை கூப்பினான். "அன்ரி, நீங்கள் பக்கத்திலை இருந்தது எனக்குப் பெரிய தெம்பு" என்றான்.

கடிதத்தை வாசித்த நாள்

மறுத்துவிட்டார்கள். முடிவை அவனுக்குத் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டியது என் வேலை. இந்த வேலையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, டொக்டர் சொல்லுகிற கெட்ட செய்தியைத் தாய்க்கு மொழிபெயர்த்த மகளுக்கும் சொல்லத் தேவையில்லை: சொல்லுகிறவர் யாராக இருந்தாலும் கேட்கிறவர் பார்ப்பது எங்கள் வாயைத்தான். தடுத்து வைத்த இடத்தில் நடந்ததைக் கோரிக்கையாளர் தெளிவாகச் சொல்லவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டும் ஒரே சொல்லையே சொன்னார், தயங்கினார், ஆகவே அவர் சொல்வதை நம்ப முடியவில்லை. நான் மெதுவாக வாசித்தேன். மெதுவாக வாசித்தால் வேறு மாதிரி முடியும் என்று நினைத்தேனோ என்னவோ.

எங்கள் வேலையில் இன்னொரு விதி. அறைக்குள் யார் என்ன சொன்னாலும் அதை மற்ற மொழியில் சொல்ல வேண்டும். நானாக ஒன்றும் பதில் சொல்லக் கூடாது. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினேன். நேசன் கேட்டதை அப்படியே கஜனுக்கு இங்கிலிசில் சொன்னேன், அவன் முகத்தைப் பார்க்காமல். கேட்டது இதுதான்: "அன்ரி, நீங்களும் அப்பிடியோ நினைக்கிறியள்?"

ஒலிப்பதிவு

அப்பீல் என்றால் திரும்பக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். பெரும்பாலும் பழைய பேப்பர்களையும் விசாரணையின் ஒலிப்பதிவையும் வைத்துக்கொண்டு முடிவு சொல்லிவிடுவார்களாம். புதிதாக ஒன்று சொல்வதென்றால், முந்தி ஏன் சொல்லவில்லை என்பதற்குச் சரியான காரணம் வேண்டும். அப்பீலும் தோற்றால் மேலே கோர்ட்டுக்குப் போகலாம்தான், ஆனால் அங்கே கதையைத் திரும்பக் கேட்க மாட்டார்கள். அதற்குள் இவனை ஊருக்குத் திருப்பி விமானத்தில் ஏற்றுகிற நாளும் வந்துவிடலாம். ஊரில் அந்த வான் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று அவனுடைய தாய் போனில் சொல்லியிருந்தா.

மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அப்பீல் பண்ணலாம் என்று கஜன் எனக்குக் காதுக்கு மாட்டுகிற கருவியைத் தந்து ஒலிப்பதிவைக் கேட்கச் சொன்னார். முழுக்கக் கேட்டேன். அந்த அம்மா ஒரு சொல்லும் தவற விடவில்லை. ஒரு மனுசியின் வேலையில் பிழை இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை நேர்ந்து கேட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். பிள்ளையார் கேட்கவில்லை. "வேறு என்ன செய்தார்கள்" என்ற இடத்தில் ஒரு நீண்ட மௌனம் மட்டும் இருந்தது. அதற்குள் மெதுவாக ஒரு குரல், "தண்ணியைக் குடியுங்கோ ராசா." என் குரல். என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தரம். அந்த இடத்தை கஜனும் இரண்டு தரம் போட்டுக் கேட்டார். பிறகு கருவியை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு பிழையும் இல்லை அன்ரி. வெறும் சைலன்ஸ். சைலன்ஸை நான் எப்பிடி அப்பீல் பண்ணுறது?" என்றார்.

மகள் எடுத்த போன்

அப்பீலுக்கு எழுதுவதற்காக நேசனைக் கூப்பிட்டிருந்தோம். பழைய மாதிரியே போய்க்கொண்டிருந்தது. கஜன் கேட்டார், நான் சொன்னேன், அவன் என் காப்பைப் பார்த்தான். அப்போது என் போன் அடித்தது. நான் எப்போதும் அதை நிற்பாட்டி வைப்பவள், அன்றைக்கு மறந்துபோனேன். அஜக்ஸிலிருந்து மகள். அவள் வேலை நாளில் எடுக்கிறவள் இல்லை. பேரப்பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். கஜனைப் பார்த்தேன், போங்கோ என்று தலையாட்டினார்.

எழும்பிக் கதவடிக்குப் போகும்போது நேசன் முதல் தரமாக எனக்கு ஒரு வேலை சொன்னான். கொறிடோர் சத்தம் கேட்கிறதாக்கும், குளிர் அடிக்கிறதாக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அவன் தலை நிமிரவில்லை. "அன்ரி, கதவைச் சாத்திவிடுங்கோ" என்றான்.

கொறிடோரில்

மகளுக்கு ஒன்றும் இல்லை, சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று கேட்க எடுத்திருக்கிறாள். நான் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன். அவளும் அவசரப்படவில்லை. நன்றாக இருந்தது. வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், கதவிலிருந்த கண்ணாடித் துண்டுக்குள்ளால் தெரிந்தது: நேசன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருக்கிறான், தோள் குலுங்குகிறது. கஜன் என்னைக் கண்டுவிட்டுக் கையை விரித்துக் காட்டினார், வர வேண்டாம் என்று.

நான் கோப்பி மெஷினுக்குப் பக்கத்திலிருந்த கதிரையில் இருந்தேன். உள்ளே கஜனின் அரைகுறைத் தமிழ் விட்டுவிட்டுக் கேட்டது, சொல் பிடிபடவில்லை. நான் இல்லாமல் அந்த அறையில் யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்ல முடியாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். கோபம் வரவில்லை. ஆனால் கலியாண வீட்டில் பந்தியில் இருத்திவிட்டு இலை போடாமல் போனமாதிரி ஒரு தனிமை வந்தது. சஷ்டி கவசத்தை மனதுக்குள் தொடங்கி, நடுவில் மறந்து, திரும்பத் தொடங்கினேன். கன நேரத்துக்குப் பிறகு கஜன் வெளியே வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார், கோட்டும் ரையுமாக. அவர் கண்ணும் சிவந்திருந்தது. "அன்ரி, டோண்ட் பீல் பாட். உங்களைப் பிடிக்காமல் இல்லை. அவங்கள் செய்ததை, அம்மா மாதிரி ஒராளுக்கு முன்னாலை சொல்லேலாதாம். எனக்குத் தமிழ் வடிவா வராதுதானே, அதாலை எனக்குச் சொல்லலாமாம்" என்றார்.

ஒரு வரி

என்ன நடந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. நீங்களும் யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். அதற்குப் பிறகு மொன்றியலில் இருந்து ஒரு ஆண் மொழிபெயர்ப்பாளர் போனில் வந்தார், முகம் தெரியாத ஒரு குரலாக. நேசன் சொன்னதை அவர் சொல்ல, கஜன் அப்பீலுக்குக் கொடுக்கிற சத்தியக் கடதாசியாக எழுதினார். ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுகிற வசதி முந்தியே இருந்திருக்கிறது. விசாரித்தவர் அவனிடம் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு முன்னால் திரையில் ஒரு அம்மா, பக்கத்தில் ஒரு அம்மா. ஊரில் தாய்க்கு முன்னால் கெட்ட சொல் ஒன்றும் பேசி வளராத பிள்ளை. அவனுக்குப் பேச இடம் தந்தோம் என்று எல்லாரும் நினைத்தோம், அவன் மட்டும் பேச முடியாமல் இருந்தான். இதைத்தான் கஜன் அப்பீலில் எழுதினார். ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பெண்கள் இல்லாத அறையில் கேளுங்கள் என்றும் எழுதினார்.

நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன் என்பதற்கு நானும் ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டி வந்தது. அதற்காக நேசனின் கடதாசியிலிருந்து ஒரே ஒரு வரியை எனக்குக் காட்டச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். மற்றதெல்லாவற்றையும் வெள்ளைத் தாளால் மறைத்து, அந்த வரியை மட்டும் கஜன் காட்டினார். இங்கிலிசில்தான் இருந்தது, ஆனால் எனக்கு அது அவன் குரலில் தமிழிலேயே கேட்டது: "விளங்குதா எண்டுதான் கேட்டவை. அவைக்கு முன்னாலை சொல்லேலுமா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

ஆருக்கு நேர்த்தி?

நேசனைக் கூப்பிட்டார்கள். அப்பீலில் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பது மிக அரிதாக நடக்கிற காரியம் என்றார் கஜன். நேசன், கஜன், ஒரு ஆண் மொழிபெயர்ப்பாளர், விசாரிக்கிற ஒரு ஆண். எனக்கு அன்று கந்தோரில் வேலை இல்லை, வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை. முழுகிவிட்டு விளக்கேற்றி, ஒன்றும் சாப்பிடாமல் சாமித் தட்டுக்கு முன்னால் இருந்தேன். அர்ச்சனை செய்தால் பெயரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். அவனுடைய நட்சத்திரம் எனக்குத் தெரியாது, பெயரைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "சப்பாத்துக் கழற்றி வைச்சிட்டு வந்த பிள்ளை" என்றேன். சாமிக்கு அது காணும் என்று நினைத்தேன்.

மத்தியானம் மகள் எடுத்தாள். பின்னேரம் பிள்ளையைப் பார்க்க வருகிறீர்களா, ஸ்ரேசனில் வந்து ஏற்றுகிறேன் என்றாள். இன்றைக்கு விரதம், ஒருவருக்காக நேர்த்தி வைத்திருக்கிறேன், விளக்கு அணையாமல் பார்க்க வேண்டும் என்றேன். ஆருக்கு என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றேன். அவள் விடவில்லை. பகிடியாகத்தான் கேட்டாள், ஆனால் பாதியில் பகிடி போய்விட்டது. "அம்மா, எங்களைத் தவிர உங்களுக்கு ஆரம்மா இருக்கினம்?" என்றாள்.

காசாளரின் தகவல்

அவனை ஏற்றுக்கொண்டார்கள். கஜன் போனில் "அன்ரி, வீ வொன்" என்று கத்தியது பக்கத்து வீட்டுச் சீன அம்மாவுக்கும் கேட்டிருக்கும். நேசன் கந்தோருக்கு வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் போனானாம், எனக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து. நான் ஒன்றும் நினைக்கவில்லை. கொஞ்சம் நினைத்தேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அஜின்கோர்ட்டில் எங்கள் மரக்கறிக் கடையில் அவனைக் கண்டேன். புதுக் குளிர்ச்சட்டை, முகம் கொஞ்சம் தேறியிருந்தது. முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். தமிழ்ப் பொடியன் முருங்கைக்காய் தெரிவு செய்யத் தொடங்கினால் ஊர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கூப்பிட வாய் வந்தது. அவன் என்னைக் கண்டான். கண்டதும் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு, அரிசி மூட்டை அடுக்கிய பக்கம் போய்விட்டான். அந்த ஒரு வரிக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவன் நம்பினானோ தெரியாது. போய்ச் சொல்லவும் முடியாது. சொன்னால் தெரிந்தமாதிரி ஆகிவிடும். நான் அவசரமாகக் கறிவேப்பிலையும் வெண்டிக்காயும் எடுத்துக்கொண்டு காசாளரிடம் போனேன். அந்தப் பிள்ளை என் பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அன்ரி, அந்த அண்ணா ஆர், உங்களைத் தெரியுமோ? அவர் கையிலை ரெண்டு சாமான்தான், முன்னுக்கு வாங்கோ எண்டு கூப்பிட்டன். இல்லை, அம்மா முதல் போகட்டும் எண்டிட்டு அங்கை நிக்கிறார்" என்றாள்.

இவ்வளவு நாளும் இந்த வாயால் உழைத்தேன் என்று பெருமைப்பட்ட நான், ஒரு பிள்ளைக்கு நியாயம் கிடைக்கச் செய்த ஒரே பெரிய வேலை, சாம்பாருக்குப் புளி சொல்ல எழும்பி வெளியே போனதுதான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இனி யாருக்காவது மொழிபெயர்க்க என்று பக்கத்தில் போய் இருந்தால், தொடங்க முன்னம் அவரிடம் தனியாக ஒரு தரம், "நான் இதிலை இருக்கலாமோ?" என்று கேளுங்கோ.